விடை தாழ்த்துவதும் மறுப்பே!



உரிமை கேட்டு அரசின் வாயிலில் வந்து நிற்கும் ஒருவனுக்கு மூன்று வகையால் விடை கூறலாம். 'தந்தோம்' என்பது ஒன்று. 'தாரோம்' என்பது மற்றொன்று. எதுவும் கூறாமல் அவனை அங்கேயே நிற்க வைப்பது மூன்றாவது. 'தாரோம்' என்பவர் அதற்குக் கரணியம் காட்டியாகல் வேண்டும். காட்டிய கரணியம் பொருந்தாதாயின் முறைமன்றத்தில் அதனை உடைத்தெறியலாம். வாயே திறவாதவரிடம் எதனை உடைப்பது? எனவேதான், தருவதற்கு மனமும் மறுப்பதற்குத் துணிவும் இல்லாத அரசுகள் காலத்தாழ்ச்சி என்னும் மூன்றாம் கருவியைக் கையிலெடுக்கின்றன. அக்கருவியால் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக அடிபட்டு வரும் மக்கள் நமக்கு அயலார் அல்லர்; நம் குருதியுறவினரான மலையகத் தமிழரே அவர்.

எம் சின்னசேலத்திலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று உண்டு. தமிழ்நாடு முழுதும் அத்தகைய முகாம்கள் நூற்றுக்கு மேற்பட்டுள. 2021 ஆகசுட்டில் தமிழக அரசு சட்டமன்றத்தில் கூறிய கணக்கின்படி அவற்றில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 58,000 பேர்; முகாமுக்கு வெளியே பதிந்து வாழ்ந்தோர் ஏறத்தாழ 34,000 பேர். அவர்தம் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பலகையில் அமர்ந்து படிக்கின்றனர். ஒரே தமிழ் பேசுகின்றனர். பள்ளி இறுதியில் மாற்றுச் சான்று எழுதும்போதுதான் வேறுபாடு தலைகாட்டுகின்றது. அச்சான்றில் 'நாட்டினம்' என்றொரு கட்டம் உண்டு. இங்கேயே பிறந்து, இம்மண்ணின் நீரையே குடித்து வளர்ந்து, இலங்கையைக் கண்ணாலும் கண்டிராத பிள்ளைக்கு அக்கட்டத்தில் என்ன எழுதுவது? ஆசிரியன் கையிலுள்ள எழுதுகோல் அங்கே தயங்கி நிற்கின்றது. அந்தக் கட்டம் நிரம்பாமையால் அரசுப்பணித் தேர்வும் வாக்குச்சீட்டும் கடவுச்சீட்டும் அப்பிள்ளைக்கு எட்டாக்கனிகள் ஆகின்றன.

முதற்கண் சொற்களை நோக்குவோம். ஏனெனில், சொல் பிழைத்தால் பொருளும் பிழைக்கும். இம்மக்களை நெடுங்காலம் 'அகதிகள்' என்றனர். அது வடசொல், போக்கிடம் அற்றவர் என்பது அதன் பொருள். நாம் அதனை நீக்கி 'ஏதிலி' என்று எழுதி வருகின்றோம். ஆனால் வள்ளுவர் முதலாய முன்னோர் வழக்கில் ஏதிலார் என்பார் நம்மோடு தொடர்பில்லாத அயலவரே. பிறமொழிச் சொல்லுக்கு மாற்றாக அச்சொல் தக்கதே. எனினும், பாட்டன் சேலத்தானும் பாட்டி திருச்சியாளுமாக உள்ள ஒருவனை ஏதிலி என்று எந்த வாயால் அழைப்பது? இனி, 'முகாம்' என்பது அரபுவழி வந்த சொல். செல்லும் வழியில் சிறிது தங்கும் இடத்தையே நாம் அச்சொல்லாற் குறிக்கின்றோம். மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த இடத்தை இன்னும் முகாம் என்று வழங்குவது, மொழியால் மட்டுமன்றி உண்மையாலும் பிழையாகும். எல்லாவற்றினும் கொடிய சொல் சட்டத்தில் உள்ளது. அதனைப் பின்னர்க் காண்போம்.

வரலாற்றைச் சிறிது விரித்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில், வெள்ளையரின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்குமாகத் திருச்சி, சேலம், மதுரை, தென்னார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து நம் மக்கள் இலங்கை சென்றனர். பஞ்சமும் கடனும் குலக்கொடுமையும் அவர்களைத் துரத்தின. அவர்கள் வியர்வையால் இலங்கை செழித்தது. 1947-இல் நடந்த பொதுத்தேர்தலில் மலையகத் தமிழரின் இந்தியக் காங்கிரசு சார்பில் எழுவர் அந்நாட்டு நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றனர். இதைப் பொறாத சிங்கள ஆட்சி, அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் இயற்றி, 1948 நவம்பர் 15 முதல் நடைமுறைப்படுத்தியது. ஒருவன் இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. அவன் தந்தை அங்குப் பிறந்தவராதல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்தவராதல் வேண்டும் என்றது அச்சட்டம். தோட்டத்துக் குடிலில் பிறந்தவனிடம் பூட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது? அச்சட்டத்தை எதிர்த்தே தந்தை செல்வநாயகம் தம் பழைய கட்சியை விட்டு வெளியேறி, 1949 திசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார் என்பதை நன்றியோடு நினைவுகூர்க.

பறித்த உரிமையைத் திருப்பித் தருவதுபோல் 1949-இல் மற்றொரு சட்டம் வந்தது. விண்ணப்பிப்போர் இலங்கையில் இடையறாது வாழ்ந்தமையை மெய்ப்பிக்க வேண்டும்; மணமானவர்க்கு ஏழாண்டும் மணமாகாதவர்க்குப் பத்தாண்டும் கணக்கு. 1951 ஆகசுட்டு 5 வரை கெடு. ஏறத்தாழ 8,25,000 பேர்க்காக 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. பத்தாண்டுக்கு மேல் உசாவல் என்ற பெயரால் இழுத்தடித்து, முடிவில் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே! எஞ்சியோரை இலங்கையும் தன்னவர் என்னவில்லை. இந்தியாவும் தன்னவர் என்னவில்லை. நாடற்றவர் என்னும் புதிய பெயர் அவர்க்கு வாய்த்தது.

1964 அக்தோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இலால்பகதூர் சாத்திரியும் உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டனர். நாடற்றோர் தொகை 9,75,000 எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனப் பங்கிட்டனர். மீந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாக 75,000 என்று பிரித்துக்கொண்டனர். ஆடுமாடுகளைப் பாகம் பிரிப்பார்போலப் பிரித்த அவர்கள், பிரிக்கப்பட்ட மக்களை ஒரு சொல் கேட்டாரல்லர்! அந்தப் பாகப்பிரிவினையேனும் உரிய காலத்தில் நிறைவேறிற்றா? பதினைந்தாண்டில் முடிய வேண்டியது முடியவில்லை. 1981-இல் உடன்படிக்கையின் காலம் தீர்ந்தது. 1984-இல் தலைமன்னார் - இராமேசுவரம் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் போகவும் இயலாமல் இருக்கவும் உரிமையில்லாமல் அங்கே தவித்தனர். அங்குத் தங்கிவிட்ட நாடற்றோர்க்கு இலங்கை முழுமையாகக் கதவு திறந்தது 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேதான். 1948-இல் பறித்ததைத் திருப்பித்தர ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

ஆனால் அதற்குள், 1977-இலும் 1983-இலும் நடந்த இனக்கொலைகளால் மலைநாட்டை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடி, அங்கும் போர் துரத்தக் கடல் கடந்து தமிழகம் வந்த மலையகத் தமிழர் பல்லாயிரவர். அவர்தாம் இன்று நம் முகாம்களில் உள்ளனர். இராமநாதபுரத்து மண்டபம் இதற்கெல்லாம் வாயில்லாச் சான்று. தோட்டக் கூலிகளாக இலங்கை சென்றோரை நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்த இடம் அதுவே; உடன்படிக்கையால் தாயகம் திரும்பியோரை இறக்கி வைத்த இடமும் அதுவே; 1983-க்குப் பின் போருக்கு அஞ்சி வந்தோரை அடைத்து வைத்த இடமும் அதுவே. பாட்டன் வெளியேறிய அதே வாயில் வழியாகத்தான் பேரன் திரும்பி வந்தான். பாட்டனை அனுப்புங்கால் இந்நாட்டான் என்று எழுதிக்கொண்ட அரசு, பேரன் வருங்கால் அயல்நாட்டான் என்று எழுதிக்கொண்டது.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1955-ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் பதிவு வழியாகவும் இயல்புரிமை வழியாகவும் குடியுரிமை பெற இடமுண்டு. ஆனால் 2003-இல் இயற்றிய திருத்தத்தின்படி, உரிய கடவுச்சீட்டோ பயண ஆவணமோ இன்றி வந்த அயல்நாட்டார் அனைவரும் 'சட்டப்புறம்பாகக் குடியேறியோர்'. அவர்க்கு அவ்விரு வழிகளும் அடைப்பு. குண்டுக்கு அஞ்சிப் படகேறி வந்தவனிடம் நுழைவிசைவு எங்கே என்கின்றது சட்டம்! அரசே பதிந்து, அடையாள அட்டை தந்து, பணக்கொடையும் அரிசியும் அளித்துப் பல்லாண்டு காத்துவரும் மக்களைச் சட்டப்புறம்பானவர் என்பது எவ்வகை முறை? முன்னர் யாம் குறித்த கொடிய சொல் இதுவே.

காலத்தாழ்ச்சி உரிமையை எவ்வாறு அரித்துத் தின்கின்றது என்பதை இங்கே கூர்ந்து நோக்குக. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் எட்டாம் உறுப்பு, தானோ பெற்றோரோ பாட்டன் பாட்டியரோ பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்திருந்தால், வெளிநாட்டில் வாழ்வோரும் இந்தியத் தூதரகத்தில் பதிந்து குடியுரிமை பெறலாம் என்றது. இன்றைய குடியுரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவோ, தானோ பெற்றோரோ அங்ஙனம் பிறந்திருந்தால் மட்டுமே இந்திய வழியினர் என்கின்றது. பாட்டன் கணக்கில் இல்லை! விண்ணப்பம் கொடுத்த பாட்டன் விடை காணாமல் மாண்டான். மகன் காத்திருந்து மூத்தான். பேரன் வந்து நிற்கும்போது 'உன் பெற்றோர் இங்குப் பிறந்தாரல்லர். எனவே நீ எம்மவன் அல்லை' என்று சட்டம் கூறுகின்றது. அங்கே பாட்டனைக் காட்டு என்றனர்; காட்ட இயலவில்லை. இங்கே பாட்டனைக் காட்டுகின்றோம், போதாது என்கின்றனர்! காலத்தைத் தாழ்த்தியவன் அரசு; அதற்குத் தண்டம் கட்டுபவன் ஏழை.

இங்குப் பிறந்த பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். 1987 சூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாவராயினும் பிறப்பால் இந்தியக் குடிமக்கள். அதற்குப் பின் பிறந்தார்க்குப் பெற்றோருள் ஒருவர் குடிமகனாதல் வேண்டும். 2004 திசம்பர் 3 முதல், பெற்றோருள் ஒருவர் 'சட்டப்புறம்பாகக் குடியேறியவர்' ஆயின், மற்றவர் குடிமகனாயினும் பிள்ளைக்குப் பிறப்புரிமை இல்லை. முகாமில் வாழும் இளைஞனை நம் ஊர்ப் பெண் ஒருத்தி மணந்தால், அவள் வயிற்றில் பிறக்கும் பிள்ளை இந்நாட்டுக் குடியன்று! சட்டம் ஒவ்வொரு முறை திருந்தும்போதும் வாயில் மேலும் குறுகியதே தவிர அகலவில்லை.

சட்டம் முழுமையாகத் துணை நிற்கும் இடத்தில்கூடக் காலத்தாழ்ச்சி விடவில்லை. 1986 ஏப்பிரலில் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவர், மேற்கூறிய முதல் நெறியின்படி பிறந்த நாளன்றே இந்தியக் குடிமகள். ஆயினும் அவருக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 2022 ஆகசுட்டில் மதுரை உயர்முறைமன்றக் கிளை ஆணையிட்ட பின்னரே அது கைக்கு வந்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களித்தார். பிறவியிலேயே இருந்த ஓர் உரிமையை ஒப்புக்கொள்ள முப்பத்தாறு ஆண்டுகள்! வழக்காடும் வலிமையில்லாத மற்றையோர் நிலை என்ன?

2019 சூன் 17-இல் அதே மன்றம் மலையகத் தமிழர் அறுபத்தைவர் தொடுத்த வழக்கில் தெளிவான தீர்ப்பு வழங்கியது. அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம். மாவட்ட ஆட்சியர் அவற்றைத் தாழ்க்காமல் நடுவணரசுக்கு அனுப்ப வேண்டும். நடுவணரசு பதினாறு வாரத்தில் முடிவு கூற வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வாண்டு திசம்பரிலேயே நடுவணரசு குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. யாருக்காக? ஆப்கானித்தான், பாக்கித்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த முசுலீம் அல்லாதார்க்காக! காத்திருப்புக் காலம் அவர்க்குப் பதினோராண்டிலிருந்து ஐந்தாண்டாகக் குறைந்தது. ஆவணமின்றி வந்தாரையும் ஏற்க அரசால் இயலும் என்பதை அச்சட்டமே மெய்ப்பித்து விட்டது. தமிழர்க்கு மட்டும்தான் அந்த மனம் வரவில்லை. 2025 செப்டம்பரில், 2015 சனவரி 9 வரை வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்க்கு ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தனர். அச்சம் சிறிது நீங்கியது, அதுவரை நன்று. எனினும் 'இருந்து போ' என்பது வேறு. 'நீ எம்மவன்' என்பது வேறு.

இதற்கு இரண்டு தடைகள் எழுப்பப்படுகின்றன. உசாவாமல் குடியுரிமை தரலாகுமா என்பது ஒன்று. நன்றாக உசாவுக! ஆனால் முகாமில் வாழ்வோரின் பெயரும் தொழிலும் வந்த நாளும் அரசின் ஏட்டிலேயே உள்ளன. திங்கள் சிலவற்றில் முடியும் உசாவலை நாற்பதாண்டு நீட்டுவது உசாவல் அன்று, ஒதுக்கல். இரண்டாம் தடை நம் அணியினர் சிலரே எழுப்புவது. இந்தியக் குடியுரிமை கேட்டால் ஈழத்தில் தமிழர் தொகை குறைந்து நிலவுரிமை நலியும் என்பர். அவர் கவலையை யாம் மதிக்கின்றோம். திரும்பிச் செல்ல விழைவார் மதிப்போடு செல்லட்டும். அவர்க்குரிய ஆவணங்களும் தாழ்வின்றிக் கிடைக்கட்டும். ஆனால் இங்கேயே வாழ விழைவாரை, நம் கொள்கைக் கணக்கிற்காக நாடற்றவராக நிறுத்தி வைக்க நமக்கு என்ன உரிமை? 1964-இல் அம்மக்களைக் கேளாமல் அவர் வாழ்வை முடிவு செய்தனர் என்று இடித்துரைக்கும் நாம், அதே பிழையைச் செய்யலாகுமா?

சரி, நாம் செய்யத் தக்கது யாது? சினங்கொண்டு முழங்குவது எளிது. ஒரு குடும்பத்தின் கோப்பை ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கு நகர்த்துவது அரிது. அரியதையே செய்வோம்.

முதலாவது, ஆவணம். பழைய தோட்டச் சீட்டு, பாட்டனின் கடவுச்சீட்டு, தாயகம் திரும்பிய உறவினரின் குடும்ப அட்டை, ஊர்ப்பெயர் எழுதிய பழங்கடிதம் ஆகிய ஒன்றையும் எறிய விடாதீர்கள். முன்னோர் ஊரைத் தேடிப் பிடிக்கத் துணை நில்லுங்கள். பழைய கையெழுத்து ஆவணங்களைப் படிக்க வல்ல புலவர்கள் நம்மிடையே உளர். அப்புலமை இதற்குப் பயன்படாவிட்டால் வேறு எதற்கு?

இரண்டாவது, ஒப்புகை. ஒப்புகைச் சீட்டின்றி எந்த விண்ணப்பத்தையும் கொடுக்க வேண்டா. கொடுத்த நாளைக் குறித்து வைத்து, மறுமொழி வாராதாயின் நினைவூட்டு மடலை விரைவு அஞ்சலில் விடுக்க. கீழலுவலர் தம் மேசையிலேயே விண்ணப்பத்தை முடக்க உரிமையுடையவர் அல்லர். அருணாசலப் பகுதிச் சக்மா மக்கள் வழக்கில், அவர்தம் குடியுரிமை விண்ணப்பங்களை நிறுத்தி வையாமல் நடுவணரசுக்கு அனுப்ப வேண்டுமென 1996-இலேயே உச்சமுறைமன்றம் ஆணையிட்டுள்ளது.

மூன்றாவது, தகவல் உரிமை. 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. குடியுரிமைக்குக் காத்திருப்பவன், தன் கோப்பு எங்குள்ளதென்று அச்சட்டத்தின்படி கேட்கவும் இயலான்! எனவே அவனுக்காகக் கேட்க வேண்டியவர் நாமே. தனியொருவர் கோப்பைக் கேட்டால் தனிச்செய்தி என்று தட்டிக் கழிப்பர். ஆகையால், மாவட்டத்தில் எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை மேலே சென்றன, எத்தனை தேங்கியுள்ளன, எவ்வளவு காலமாக என்று எண்ணிக்கையைக் கேளுங்கள். எண்ணிக்கை வெளிப்பட்டால் உறக்கம் கலையும்.

நான்காவது, முறைமன்றம். அரசியலமைப்பின் பதினான்காம் உறுப்பும் இருபத்தொன்றாம் உறுப்பும் குடிமகனுக்கு என்னவில்லை. எவருக்கும் என்றே கூறுகின்றன. எனவே நாடற்றவனும் உயர்முறைமன்றத்தை அணுகலாம். பெண்டிர்க்கும் சிறார்க்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்குதவி அளிக்கும். வழிகாட்டி உடன் செல்ல ஒருவர் இருந்தால் போதும்.

இவற்றோடு, நம் நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் மூன்று கோரிக்கைகளை எழுத்தால் வைப்போம். அரசு பதிந்துகொண்ட இலங்கைத் தமிழரைச் 'சட்டப்புறம்பாகக் குடியேறியோர்' என்னும் வரையறையிலிருந்து நீக்குக! இந்திய வழியினர் என்பதற்குப் பாட்டன் பாட்டியர் பிறப்பையும் மீண்டும் கணக்கில் கொள்க! குடியுரிமை விண்ணப்பத்திற்குச் சட்டத்திலேயே கெடு விதித்து, கெடுவுக்குள் 'தந்தோம்' என்றோ, கரணியத்தோடு 'தாரோம்' என்றோ எழுத்தால் விடை கூறுக!

தமிழன்பர்களே! மொழியின் தூய்மையைக் காக்கப் பாடுபடும் நாம், அம்மொழி பேசும் மக்களின் வாழ்வையும் காத்தல் வேண்டும். உங்கள் ஊரை அடுத்துள்ள முகாமுக்கு இத்திங்களே செல்லுங்கள். ஒரு குடும்பத்தின் ஆவணங்களையேனும் எடுத்து அடுக்கி, ஒரு விண்ணப்பத்தையேனும் ஒப்புகையோடு சேர்ப்பியுங்கள். மாற்றுச் சான்றிலுள்ள அந்தக் கட்டத்தைத் தயங்காமல் நிரப்பும் நாள் அவ்வாறுதான் வரும்.